நூறு மில்லி, நூறு வாட் ஹவர்: கேபின் பையோடு மட்டும் பறப்பதில் பழகித் தெரிந்தவை

காலையில் ஒரு விமான நிலையத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத 150 மி.லி. ஷாம்பு, மாலையில் விமானம் மாறும் இடத்தில் குப்பைத் தொட்டிக்குப் போகும். இரண்டு இடத்திலும் ஊழியர் தன் வேலையைச் சரியாகத்தான் பார்த்திருப்பார். மெஷின்தான் வேறு. பையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.டி. ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்கள், கேபின் பையில் ஒரு குப்பிக்கு 100 மி.லி. என்ற திரவ வரம்பைத் தளர்த்திவிட்டன. பழைய எக்ஸ்ரே ஓடும் இடங்களில் 100 மி.லி. அப்படியே நிற்கிறது. தளர்த்திய இடமும் நிரந்தரமில்லை: ஐரோப்பிய ஒன்றியத்தில் புது ஸ்கேனர் வைத்திருந்தவர்களையே 2024 செப்டம்பர் 1 முதல் பழைய வரம்புக்குத் திரும்பச் சொன்னார்கள். அதனால் போகிற வழியில் எந்த செக்யூரிட்டி கறாரோ, அதைக் கணக்கில் வைத்தே பை கட்ட வேண்டும். திரும்பி வரும் வழியையும் சேர்த்துத்தான்.

2006 ஆகஸ்டில் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்டதில் இருந்து வந்த விதி இது. இதில் அதிகம் ஏமாறுவது குப்பியின் அளவில். 150 மி.லி. ட்யூபில் கடைசி 20 மி.லி. பேஸ்ட் ஒட்டிக்கொண்டிருந்தாலும் போகாது. பார்ப்பது ட்யூபில் அச்சடித்த எண்ணை. பிழிந்தால் வருவது, தடவினால் பரவுவது எல்லாம் திரவக் கணக்குதான்: தேன், ஜாம், தயிர், லிப் க்ளாஸ், மஸ்காரா. சோப்புக் கட்டி, ஷாம்புக் கட்டி, குச்சி வடிவ டியோடரன்ட் இந்தக் கணக்கில் வராது. இந்த மூன்றை மாற்றினாலே பாதித் தலைவலி போய்விடும்.

திரவக் குப்பிகளை எல்லாம் அடக்க வேண்டிய ஒரு லிட்டர் பை என்றால் பத்துக் குப்பி கொள்ளும் என்று கணக்கு சொல்லும். சுமார் 20 செ.மீ.க்கு 20 செ.மீ. ஜிப் பையில் உருண்டைக் குப்பிகள் ஆறோ ஏழோதான் உட்காரும், அதுவும் வாய் மூட வேண்டும். தட்டைக் குப்பி வாங்குவது உத்தமம். சமையலறை ஜிப் பை சில பயணங்களிலேயே மூலையில் கிழியும்; தடித்த பிளாஸ்டிக்கில் தைத்த பை வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் சில நிலையங்களில் அதையும் ஏற்காமல், தாங்கள் கொடுக்கும் பைக்கே மாற்றச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அதிகப்படியான குப்பி வெளியே நிற்கும். ஐந்தோடு நிறுத்திக்கொண்டால் இந்த வம்பு இல்லை.

சிலிக்கோன் குப்பிகள் பார்க்க அழகு, சிந்துவதில் மன்னன். பறக்கும்போது கேபின் அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போலக் குறையும். குப்பிக்குள் மாட்டிய காற்று விரிந்து, திரவத்தை மூடி வழியே தள்ளும். முக்கால் பங்கு நிரப்பி, குப்பியை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே மூட வேண்டும். மடக்கு மூடியை விடத் திருகு மூடி நம்பகமானது. வாய்க்கும் மூடிக்கும் நடுவே ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த பெரிய தகராறு பவர் பேங்க். செக்-இன் லக்கேஜில் வைக்கவே கூடாது. லித்தியம் செல் ஒன்று சூடேறி எரியத் தொடங்கினால் சரக்கு அறையின் தீயணைப்பு வாயு அதை முழுதாக அடக்காது. கேபினில் என்றால் ஊழியர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். வாட் ஹவர் என்பது பேட்டரி தேக்கும் ஆற்றலின் அளவு: 100 வாட் ஹவர் வரை பொதுவாக அனுமதி, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் இல்லை. பவர் பேங்கில் போட்டிருக்கும் எம்ஏஹெச் எண்ணை, உள்ளிருக்கும் செல்லின் வோல்ட்டான 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட் ஹவர் வரும். 20,000 என்றால் 74. 26,800 என்றால் 99 சொச்சம். 30,000 என்றால் 111. யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட்டால் பெருக்கினால் தப்பான எண் வந்து வீண் பயம்தான் மிஞ்சும்.

நாள்பட்ட பயன்பாட்டில் வரும் கோளாறு வேறு. சாவியோடும் சில்லறையோடும் உரசி, பின்பக்கத்துப் பொடி எழுத்து ஒரு வருஷத்தில் அழிந்துவிடும். 74 வாட் ஹவர் கருவிதான், ஆனால் நிரூபிக்க எதுவும் இல்லை. படிக்க முடியாத பவர் பேங்கைப் பிடித்து வைத்துக்கொள்ள செக்யூரிட்டி ஊழியர்களுக்கு அதுவே போதும். வாங்கிய அன்றே எழுத்தின் மேல் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டிவிடுங்கள். உப்பியிருந்தால் எடுத்துப் போகவே வேண்டாம். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்த பிறகு விதிகள் மளமளவென இறுகின: கொரிய விமானங்களில் பவர் பேங்கை மேல் லாக்கரில் வைக்கத் தடை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் போன்றவற்றில் பறக்கும்போது அதைப் பயன்படுத்தத் தடை, சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாததற்குத் தடை. டிக்கெட் எடுத்த நாளில் படித்த விதி பயண நாளில் மாறியிருக்கலாம். முந்தைய நாள் இரவு நிறுவனத்தின் பக்கத்தை இன்னொரு முறை பார்ப்பது வீண் வேலை இல்லை.

பையைத் திறந்து சோதிப்பது பெரும்பாலும் அடுக்கிய விதத்தால் வருவது. எக்ஸ்ரே திரையில் கரிமப் பொருள் ஆரஞ்சாகவும் உலோகம் நீலமாகவும் தெரியும். சார்ஜர் வயர்ச் சுருள், பவர் பேங்க், பக்கத்தில் தடித்த புத்தகம் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று கிடந்தால், இருண்ட ஒரே கட்டியாகத் திரையில் விழும். அதை அவர்கள் திறந்தே தீருவார்கள். வயர்களைத் தட்டையான உறையில் தனியாகவும், புத்தகத்தை மறுபக்கமாகவும் வைத்தால் பை நேராக வெளியே வரும். ஃப்ளாஸ்க் காலி என்றால் மூடியைத் திறந்தே டிரேயில் போடுங்கள். அடியில் இரண்டு மடக்குத் தண்ணீர் இருந்தாலும் அது திரவம்தான்.

கத்தரிக்கோலுக்கு ஊருக்கொரு அளவு: அமெரிக்காவில் நடு ஆணியிலிருந்து 4 அங்குலத்துக்குள், ஐரோப்பாவில் அலகு 6 செ.மீ.க்குள். குட்டை மூக்குக் கத்தரி பெரும்பாலான இடங்களில் போகும். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மி.லி. அளவைத் தாண்டிய பொடிக்குக் கூடுதல் சோதனை உண்டு. டூட்டி ஃப்ரீ திரவம் என்றால் சீல் பையைக் கடைசி ஊர் வரை பிரிக்காதீர்கள், ரசீது உள்ளேயே தெரிய வேண்டும். நடுவில் லக்கேஜை எடுத்து மறுபடி போடும் பயணமென்றால், அங்கேயே அந்தப் பாட்டிலை லக்கேஜில் போட்டுவிடலாம்.

மருந்துக்கு வரம்பு தளர்வு உண்டு, கேட்டால் மட்டுமே. மெஷினுக்கு முன்பே எடுத்துக் காட்டி, டாக்டர் சீட்டையும் மருந்தகத்து லேபிளோடு உள்ள அசல் பெட்டியையும் நீட்ட வேண்டும். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், அதைச் சரக்கு அறைக்கு அனுப்பாதீர்கள்.

கடைசிக் கண்டம் போர்டிங் கேட்டில் காத்திருக்கும். லாக்கர் நிரம்பிவிட்டது என்று கேபின் பையை வாங்கிக் கீழே அனுப்புவார்கள். அப்போது பவர் பேங்க், உதிரி பேட்டரி, இ-சிகரெட் எல்லாவற்றையும் அங்கேயே நின்று வெளியே எடுத்தாக வேண்டும். இவற்றையும் மருந்தையும் ஒரே சிறு பையில் போட்டு மேலாகவே வைத்திருந்தால், பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுப்பதற்குள் உருவிக்கொள்ளலாம்.