நாடக நிரல் அடிக்க ராமநாதபுரத்தில் ஓர் அச்சகம்: வடிவமைப்பு நன்று, புரூஃபில் கண் வையுங்கள்

ஏர்வாடி, திருப்பாலைக்குடி என்று கடலோர ஊர்த் திருவிழாக்களில் தனித்தனியே அமர்த்திய நடிகர்கள் கூடி விடிய விடிய நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு நான்கு பக்க நிரல் அடிக்க, அரண்மனைப் பக்கமுள்ள இந்தச் சின்ன அச்சகம் தோதான இடம். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி) இருவர் பெயரும் ஒரே எழுத்து அளவில் வர வேண்டும், இல்லாவிட்டால் மேடைக்குப் பின்னால் சண்டை வரும் என்பது இங்கே கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி ஆளுக்குச் சொல்லாமலே தெரியும். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல கருவி வாசிப்பவர்) என்று வரிசையும் பிசகுவதில்லை.

ஏ4 தாளை நடுவில் மடித்துத் தருகிறார்கள். அச்சடிக்கும் 13×19 அங்குலத் தாளில் இரண்டு ஏ4 அடங்கும். சுற்றிலும் வண்ணத்தை 3 மி.மீ. கூடுதலாக நீட்டி அடித்து வெட்டுவதால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிவதில்லை. பளபளப்பான 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பரைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். உள்பக்கம் நிறைய எழுத்து இருந்தால் பளபளப்பில்லாத 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் கேளுங்கள். டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. மடிப்பில் மை வெடிப்பதும் குறைவு. (எப்படியும் நள்ளிரவுக்குமேல் அது விசிறிதான்.) 170 ஜிஎஸ்எம் தாள் என்றால் மடிக்குமுன் கிரீசிங் (மடிப்புக்கோட்டை அழுத்திவிடுவது) போடச் சொல்ல வேண்டும். கேட்டால் போடுகிறார்கள், தாமாகப் போடுவதில்லை.

பெரிய குறை எழுத்துருவில். வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோட் வரிகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பழைய கோரல்டிரா மென்பொருளில் ஏற்றுகிறார்கள். அப்போது ஆங்கில இனிஷியல்கள் தமிழ் எழுத்தாக மாறி, நடிகர் பெயருக்கு முன்னால் அர்த்தமில்லாமல் நிற்கும். இனிஷியலையும் தமிழிலேயே தட்டி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. உபயதாரர் பட்டியலை புரூஃபில் (அச்சுக்கு முன் தரும் மாதிரியில்) ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கைப்பிரதியோடு ஒப்பிட வேண்டும். கிழமையையும் தமிழ்த் தேதியையும் காலண்டரை வைத்துச் சரிபாருங்கள். இரவு 10 மணிக்குத் தொடங்கி மறுநாள் முடியும் நாடகத்தில் பெரும்பாலும் தவறுவது அதுதான்.

படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 3 செ.மீ. அகலப் படத்துக்கு 350 பிக்சலாவது வேண்டும். பொடி எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்றே போதும் என்று சொல்லிவிடுங்கள். நான்கு மையும் கலந்து அடித்தால் நூலளவு விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக 8 புள்ளியில் போட்ட உபயதாரர் பெயர்கள் அடைத்துப்போகும். 10 புள்ளிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

300 பிரதிக்குள் டிஜிட்டல், அதற்கு மேல் ஆப்செட். ஆப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு எப்படியும் உண்டு. அதனால் 500-க்கும் 1000-க்கும் விலையில் பெரிய வித்தியாசம் வராது. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஆர்ட் பேப்பரில் மை காயத் தாமதமாகும். அவசரத்தில் கட்டினால் ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். கட்டைப் பிரித்து நடுவிலிருந்து நாலு தாளைத் திருப்பிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.