தொண்டைக்கு ஓய்வு: சிலேட்டா, பேசும் செயலியா?

குரல்நாண் வீங்கியதால் ஒரு வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்றார் டாக்டர். குசுகுசுவென்றும் பேசக்கூடாதாம், அதுவும் குரல்நாணைச் சிரமப்படுத்துமாம். வீட்டில் 7 வயதிலும் 3 வயதிலும் இரண்டு வாண்டுகள். யாரைக் கேட்டாலும் ஒன்று சிலேட்டு என்றார்கள், இல்லை நாம் எழுதியதைப் போனே குரலில் வாசித்துச் சொல்லும் செயலி என்றார்கள். இரண்டையும் வைத்துப் பார்த்தேன்.

செலவு
சிலேட்டு: பலப்பத்தோடு சில்லறைக் காசுதான்.
செயலி: இலவசம். ஆனால் போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரியணும்.

வேகம்
சிலேட்டு: "சாப்பிட வா" என்று எழுதி முடிப்பதற்குள் பெரியவன் தெருவில் இருப்பான்.
செயலி: அடிக்கடி சொல்வதை முன்பே சேமித்துவிட்டால் ஒரே தட்டு.

வாசிக்கத் தெரியாதவர்கள்
சிலேட்டு: சின்னவளுக்குப் படம்தான். டம்ளர் வரைந்தால் பால், வாளி வரைந்தால் குளியல். வாளியைப் பார்த்ததும் ஓடி ஒளிவாள், அது வேறு கதை.
செயலி: முதல் நாள் போனைத் திருப்பிப் பார்த்து, "இந்த அத்தை யாரு?" என்றாள். கண்ணாடி தேடும் அப்பத்தாவுக்கு இதுதான் வசதி.

தூரம்
இரண்டும் தோல்வி. காரைக்குடி வீட்டில் முகப்பிலிருந்து உள்ளே பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டுக்குப் போன் சத்தம் எட்டாது. தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினேன்: ஒரு தட்டு பெரியவனுக்கு, இரண்டு தட்டு சின்னவளுக்கு.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை என்றால் சிலேட்டு வாங்குங்கள், வாசிப்பும் வளரும். வாசிக்கத் தெரியாத வாண்டு, வயசானவர்கள், வெளியிலிருந்து வரும் போன் என்றால் செயலிதான்.