தூண்டிலா, வில்லா?

அமெரிக்காவின் மினசோட்டா ஏரிகளில் இரண்டாலும் மீன் பிடிக்கிறார்கள். தூண்டிலில் வேண்டாத மீன் சிக்கினால் முள்ளைக் கழற்றி விட்டுவிடலாம், பிழைக்க வாய்ப்புண்டு. வில்லில் அந்தப் பேச்சே இல்லை. நூல் கட்டிய அம்பு உடம்பைத் துளைத்தபின் விட்டென்ன, விடாமலென்ன?

வந்தேறியான சாதாக் கெண்டையை எய்தால் சரி, ஏரியைக் கலக்கிச் சேறாக்கும் மீன் அது. ஆனால் கிட்டத்தட்ட அதே உருவில் நீந்தும் பெருவாய் எருமைமீன் அந்த ஊர்க்காரன். கெண்டைக்கு உள்ள மீசை அதற்குக் கிடையாது, அது ஒரு வித்தியாசம். ராத்திரி படகு வெளிச்சத்தில் மீசையை யார் பார்க்கிறார்கள்?

நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளை வடிகட்டித் தின்பதால் எருமைமீன் தூண்டிலை அவ்வளவாகத் தொடாது. அம்புக்குத்தான் அதிகம் பலியாகிறது. 2019-இல் வெளியான ஆய்வு ஓர் எருமைமீனுக்கு 112 வயது என்று கணித்தது. பல ஆண்டுகள் குஞ்சுகள் தேறுவதே இல்லை; கிழடுகள் போனால் ஈடுகட்ட அடுத்த தலைமுறை இருக்காது. வில்தான் வேண்டுமென்றால் பகலில், கெண்டைக்கு மட்டும்.