பினாங்கில் ரீஃபிங்: ஒற்றைக் கயிறா, இரட்டைக் கயிறா?

பினாங்கில் ஒரு 22 அடி பாய்மரப் படகை ஓட்டி வருகிறேன். காற்று பலக்கும்போது பெரிய பாயைச் சுருக்க, அதாவது ரீஃப் போட, ஒற்றைக் கயிறு, இரட்டைக் கயிறு என இரண்டு முறையையும் வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. சின்னப் படகுக்கு இரட்டைக் கயிறுதான் என் ஓட்டு.

ஒற்றைக் கயிறு கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரே கயிற்றை இழுத்தால் பாயின் முன் வளையமும் பின் வளையமும் சேர்ந்து, பாயின் அடியைப் பிடித்திருக்கும் கிடைக்கம்பான பூமுக்கு இறங்கிவிடும். ஆனால் வழியில் எத்தனை கப்பி, எத்தனை திருப்பம்! இழுக்கிற பலம் உராய்விலேயே கரைந்துவிடும். முன்பக்கம் இறுகியிருக்க, பின்பக்கம் தொங்கும். போதாததற்கு, இழுத்த கயிறெல்லாம் காலடியில் குவியும்.

மலாக்கா நீரிணையில் இதற்கெல்லாம் நேரம் கிடையாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ என்னும் திடீர்ச் சூறைக்காற்று அடிக்கும் காலம். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும். மேற்கே கருமேகம் திரண்டால் உடனே ரீஃப் போட்டுவிட வேண்டும். காற்றின் வேகம் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) என்பதிலிருந்து 20 நாட் ஆனால், பாயின் மீது அழுத்தம் நான்கு மடங்காகிவிடும்.

இரட்டைக் கயிறு என்றால் முன் வளையத்துக்கு ஒன்று, பின் வளையத்துக்கு ஒன்று எனத் தனித்தனிக் கயிறு. இதில் கவனிக்க வேண்டியது பின் கப்பியின் இடம். பாயை ரீஃப் அளவுக்கு இறக்கி, பின் வளையம் பூமைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பியை அதற்குச் சற்றுப் பின்னால் பொருத்துங்கள். அப்போதுதான் கயிறு வளையத்தைக் கீழேயும் பின்னாலும் சேர்த்து இழுக்கும். நேர் கீழே வைத்தால் பாய் தொப்பை போட்டுவிடும். தொப்பை விழுந்த பாய் பலத்த காற்றில் படகை ஓட்டுவதைவிடச் சாய்ப்பதுதான் அதிகம்.

ரீஃப் போடும் வரிசையும் முக்கியம். பூமின் பின்முனையை மேலிருந்து பிடிக்கும் கயிறான டாப்பிங் லிஃப்ட் பூமைத் தாங்கட்டும். மெயின்ஷீட்டையும் (பெரிய பாயின் கோணத்தை மாற்றும் கயிறு) ‘வாங்’கையும் (பூமைக் கீழே இழுத்துப் பிடிப்பது) தளர்த்தி, குறித்து வைத்த இடம் வரை ஹேல்யார்டை (பாயை ஏற்றி இறக்கும் கயிறு) இறக்குங்கள். முன் கயிற்றைக் கட்டி, ஹேல்யார்டை மறுபடி இறுக்கிய பிறகுதான் பின் கயிறு. மச்சான் சுக்கானைப் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தனியாகப் போனால் இன்னும் கொஞ்சம் ஆகும். பாயின் நடுவில் இருக்கும் சின்னக் கயிறுகள் தொங்கும் துணியை அள்ளிக் கட்ட மட்டுமே. அவற்றில் பாரம் ஏற்றினால் பாய் கிழியும்.

நம் ஊர் வெயிலிலும் உப்பிலும் பாலியெஸ்டர் கயிறு விறைத்துப்போகிறது. பின் கயிற்றை மட்டும் டைனீமா என்னும் வலுவான செயற்கை இழைக் கயிற்றுக்கு மாற்றினேன். விலை கூட, ஆனால் நீளுவதில்லை. மெல்லிசாக வாங்காதீர்கள், கையை அறுக்கும், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கிளீட்டிலும் வழுக்கும்.

ஜெரெஜாக் தீவைச் சுற்றிவர ஒரு ரீஃப் போதும். லங்காவி வரை போகிறவர்கள் இரண்டாவது ரீஃபுக்கும் இப்போதே கயிறு கோத்து வைத்துவிடுங்கள்.