மதுரையில் ஏ.ஏ. கூட்டம்: பல வருஷம் போய்வந்தவர்கள் பார்வையில்

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு. கூட்டம் பெரும்பாலும் மாலை 7 மணி வாக்கில் தொடங்கி 8.30க்கு முடியும். டீ குடித்து, இரண்டு பேரிடம் பேசிவிட்டு வெளியே வர 9 ஆகிவிடும். அதற்கு மேல் உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களுக்கு பஸ் குறைவு. நல்ல குழு கிடைத்தும் முதல் மாதத்திலேயே நின்றுபோகிறவர்களில் பலரை நிறுத்தியது ஆட்டோ செலவுதான். எனவே இடத்தை விசாரிக்கும்போதே கடைசி பஸ்ஸையும் விசாரியுங்கள். டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை. கூட்டம் நடப்பது வழக்கமாகக் கை பரபரக்கிற நேரத்தில். அந்த ஒன்றரை மணி நேரத்தை அது அடைத்துக்கொள்கிறது என்பதே பாதி மருந்து.

ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் நேராகக் கூட்டத்துக்கு வரக்கூடாது. ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத ஆள் தெரிவது, பிதற்றுவது என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். முதலில் அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவு போன்ற இடத்தில் காட்டி, மருந்தோடு நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446க்கு அடிக்கலாம். அது மத்திய அரசின் கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்.

இணையத்தில் கிடைக்கும் கூட்டப் பட்டியலை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். குழுக்கள் பள்ளி வகுப்பறை, சர்ச் ஹால் என்று வாடகைக்கு இருப்பவை. பரீட்சை வந்தாலே இடம் மாறும். ஏ.ஏ. உதவி எண்ணில் பேசி நான்கு விஷயம் கேளுங்கள்: இந்த வாரம் கூட்டம் உண்டா, தமிழிலா, எல்லோரும் வரலாமா குடிநோயாளிகள் மட்டுமா, எந்த கேட் வழியாக வர வேண்டும். கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். மெயின் கேட் பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் நிறைய. வாசலில் பெரிய போர்டு இருக்காது. வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட சின்ன அட்டை தொங்கினால் அதுதான்.

உள்ளே ரிஜிஸ்டர் கிடையாது, ஃபீஸ் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. மௌனம், அமைதிப் பிரார்த்தனை, முன்னுரை வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராகப் பகிர்தல். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் அறிவுரை சொல்வதில்லை. புதியவர் பேசியே ஆக வேண்டும் என்று இல்லை, ‘கேட்டுக்கிறேண்ணே’ என்றால் விட்டுவிடுவார்கள். உண்டியல் சுற்றி வரும்போது பத்து ரூபாய் போடலாம், போடாமலும் தள்ளிவிடலாம். பழைய ஆட்கள் புதியவருக்கு டம்ளரில் அரை டீதான் ஊற்றுவார்கள். நிரப்பினால் நடுக்கத்தில் சிந்தும், அந்த வெட்கத்திலேயே ஆள் மறுவாரம் வரமாட்டார்.

‘தெரிஞ்சவன் இருந்தா என்ன பண்றது?’ மதுரையில் தெரிந்தவர் இருக்கத்தான் செய்வார். அவர் வந்த காரணமும் அதேதான். அப்படியும் கூச்சமாக இருந்தால் திருநகர்க்காரர் அண்ணாநகர்ப் பக்கம் தேடட்டும். ஒரு கூட்டத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குழுவுக்குக் குழு வாசனை மாறும்: ஒன்றில் சாமி பேச்சு தூக்கலாக இருக்கும், ஒன்றில் ஒரே ஆள் அரைமணி பேசுவார். ஆறு கூட்டமாவது பார்க்கலாம். 90 நாளில் 90 கூட்டம் என்ற பழைய வழக்கை கிராமத்திலிருந்து வருகிறவர் அப்படியே பிடிப்பது கஷ்டம். வாரம் இரண்டு நேரில், மற்ற நாள் ஜூமில் என்று வைத்துக்கொள்ளலாம். ஜூமில் கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு கேட்பது கணக்கில் சேராது என்பது எங்கள் கட்சி.

ஸ்பான்சர் என்பவர், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளிலும் புதியவரைக் கூட நடத்திச் செல்லும் பழைய உறுப்பினர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொது வழக்கம். குடிக்கிற ஆசை வந்த பிறகு அவரைக் கூப்பிடலாம் என்று இருந்தால் கை போனுக்குப் போகாது. ஒன்றுமில்லாத நாளிலும் அடித்துப் பழகியவருக்கே அந்த நேரத்தில் விரல் தானாகப் போகும். குழுவுக்குள் கைமாற்று மட்டும் வேண்டாம். கடன் வாங்கியவர் முதலில் விடுவது கூட்டத்தைத்தான்.

வீட்டார் விஷயம். மனைவி, பெற்றோருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்’ என்று விற்கும் பொடி, மாத்திரை பக்கம் போகவே கூடாது. அதில் டைசல்ஃபிராம் என்ற, குடியோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்து, தெரியாமல் அவர் ஒரு கட்டிங் போட்டாலும் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். ஏ.ஏ. சேர்க்கைக் கட்டணம் வாங்குவதில்லை, ஆளைத் தூக்கிப்போக வண்டி அனுப்புவதும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் அது வேறு கடை. மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

வழுக்கும் நாட்கள் பெரும்பாலும் காலண்டரிலேயே இருக்கின்றன: கிடாவெட்டு, காதுகுத்து, மொய் விருந்து, சித்திரைத் திருவிழா, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து வரும் மூன்று ஜல்லிக்கட்டு நாட்கள். பொங்கலுக்கு முந்தின வாரமே அந்த மூன்று நாளும் கூட்டம் உண்டா என்று கேட்டு வையுங்கள். ஹால் சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போகிறார் என்றால், சாவியை யாரிடம் கொடுத்துப் போகிறார் என்பதையும் கேளுங்கள்.