விசிறியா, சில்லரா? செடித்தொட்டியின் சூட்டை எதனால் தணிப்பது

சிங்கப்பூரில் ஏர்கான் ஓடாத வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், நீர்ச்செடி வளர்க்கும் மீன்தொட்டியின் தண்ணீர் பெரும்பாலும் 29, 30 டிகிரியில் நிற்கும். மீன் தாங்கிக்கொள்ளும், அழகுக்கு வளர்க்கும் பாசிக்கும் (மாஸ்) பல தண்டுச் செடிகளுக்கும் ஒத்துவராது. சூடு ஏற ஏறச் செடிக்குக் கரியமில வாயு கூடுதலாக வேண்டும். தண்ணீரில் அது கரைவதோ குறையும். ரொட்டாலா என்ற தண்டுச் செடியின் அடியிலைகள் கண்ணாடிபோல் வெளிறி உதிர்வதில் இதற்கும் பங்குண்டு.

60 லிட்டர் வரையுள்ள 2 அடித் தொட்டிக்குக் கவ்வி மாட்டும் சிறு விசிறி போதும். மூடியைக் கழற்றிவிட்டு, காற்று நீர்ப்பரப்பைச் சாய்வாகத் தடவும்படி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். மழைநாளின் ஈரக்காற்றில் அவ்வளவு இறங்காது. நாளுக்கு ஒரு லிட்டர் வரை ஆவியாகும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: தண்ணீர் போய்விடும், உப்புகள் தங்கிவிடும். குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். குறைந்ததை ஆர்ஓ (உப்பு நீக்கி வடிகட்டிய) தண்ணீரால் நிரப்புங்கள். முடியாவிட்டால் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். நம் குழாய்நீரில் இருப்பது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி. குளோரின் நீக்கப் போடும் ஹைப்போ உப்பு குளோரினை முறித்து, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை அப்படியே விட்டுவிடும். குளோரமினுக்கும் ஏற்றது என்று எழுதிய மருந்தாகப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் மழையிலும் வெயிலிலும் வைத்த டிகிரியிலேயே நிறுத்தும். விலையும் மின்கட்டணமும் பல மடங்கு. வெப்பத்தை அறைக்குள்ளேயே கக்கும் என்பதால் அலமாரிக்குள் அடைத்தால் தன் சூட்டையே திரும்ப இழுத்து ஓயாமல் ஓடும். சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். 22க்கு வைக்கவே வேண்டாம். நம் ஊர்க் காற்றில் 24க்குக் கீழே போனால் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்க்கும். நீர் முத்து முத்தாகத் திரண்டு வழிந்து, சில மாதங்களில் அடிப்பலகையின் ஓரம் ஊதிவிடும். 25 போதும்.

அனுபியாஸ், ஜாவா பெரணி, கிரிப்டோகோரைன் மட்டும் வளர்ப்பவருக்குச் சில்லர் வீண்செலவு. கிரிப்டோகோரைன் நம் வட்டாரத்துச் செடி. சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் பெயரைத் தாங்கிய கலப்பினமே உண்டு. அதன் இலை கரைந்தால் சூட்டைக் குறைசொல்லுமுன் இடம் மாற்றினீர்களா என்று பாருங்கள். வேரைப் பிடுங்காமல் விட்டால் சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும்.

பாசிக் கம்பளமும் இறாலும் வைத்த தொட்டி, கரியமில வாயு செலுத்தும் பெரிய தொட்டி, இவற்றுக்குச் சில்லர் தகும். அதற்கும் முன்னால் விளக்கை ஒரு சாண் உயர்த்தி, 8 மணி நேர வெளிச்சத்தை 6 ஆக்குங்கள். ஒரு வாரம் மாலை 4 மணிக்குத் தண்ணீர்ச் சூட்டை அளந்து குறித்து வையுங்கள். விசிறி ஓடியும் 28ஐத் தாண்டினால் மட்டும் கடைக்குப் போங்கள்.