ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: சூடு சரி, சொட்டுகிற தண்ணீர்தான் பிரச்சினை

ஓசூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மச்சினன் போன் செய்து, "மாமா, கீசருக்குப் பதிலா உங்க வீட்டுல இருக்கிற மாதிரி ஹீட் பம்ப்பே போட்டுடலாமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் சர்வீஸ் ஆள் வந்துவிட்டுப் போயிருந்தார். போனில் நான் சொன்னதை எழுத முடியாது. அதனால் கொஞ்சம் நிதானமாக இங்கே.

எங்கள் வீடு தர்மபுரியில். 200 லிட்டர் டாங்க், அதன் தலையிலேயே கம்ப்ரசர். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் நிற்கிறது. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. இது எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் வாங்க நினைக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்: ஏசியைத் திருப்பி வைத்தது மாதிரி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

கரண்ட் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற சாதாரண கீசருக்குக் கிட்டத்தட்ட 3 யூனிட் வேண்டும். இது ஒரு யூனிட்டை ஒட்டி முடித்துவிடுகிறது. நம் ஊர் பில்லில் இது பெரிய விஷயம். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறுகிறது. ஏசி ஓடும் சித்திரை, வைகாசியில் எங்கள் வீடு அந்தக் கோட்டில்தான் நின்றுகொண்டிருக்கும். கீசர் போன பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கிறது. டைமரை மதியத்துக்கு வைத்துவிட்டேன். காற்று சூடாக இருக்கும்போது ஓடினால் சீக்கிரம் முடிகிறது, டாங்கில் சூடு மறுநாள் காலை வரை தாங்குகிறது. சத்தம் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் அளவுதான், படுக்கையறைச் சுவரில் மாட்டாதவரை தொந்தரவில்லை. அது விடுகிற குளிர்காற்றில் அந்த இடமே சில்லென்று இருப்பதால், அங்கே பழுக்கப் போட்ட செந்தூரா மாங்காய் மற்ற அறையில் போட்டதைவிடத் தாமதமாகத்தான் பழுக்கிறது. அம்மா அதை ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை.

எனக்குக் குறை, சொட்டுகிற தண்ணீர்.

காற்று குளிர்ந்தால் அதில் இருக்கும் ஈரம் தண்ணீராகப் பிரிந்து விழும். ஏசி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். கோடையில் எங்கள் காற்று காய்ந்து கிடக்கும், சொட்டே இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மதியத்தில் வாளியின் அடி நிறைந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொட்டுதான் மிஷினின் லாபம். ஒரு லிட்டர் ஈரம் தண்ணீராக மாறும்போது ஏறக்குறைய 0.7 யூனிட் வெப்பத்தை விட்டுவிட்டுத்தான் விழுகிறது. அந்த வெப்பம் நம் குளியல் தண்ணீருக்குப் போகிறது. ஈரப்பதம் உள்ள ஊரில் ஹீட் பம்ப் நன்றாக வேலை செய்யும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் விழுகிற தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதற்குக் கூடவே வந்த புத்தகத்தில் ஒரே ஒரு வரி: வடிகாலில் இணைக்கவும்.

மாட்டிக் கொடுக்க வந்தவர்கள் அந்த ஒரு வரியை இன்னும் சுருக்கமாகப் புரிந்துகொண்டார்கள். மிஷினுக்குள் சொட்டு விழுந்து சேருகிற தட்டின் பின்னால் விரல் பருமனில் ஒரு மூக்கு இருக்கிறது. அதில் வாஷிங் மிஷின் ஓஸ் மாதிரி ஒரு நெளிவு ஓஸைச் செருகி, குழாய்க்கு மேலே ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கி விட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் மேட்டில் ஏறாது என்று அவர்களுக்கு யார் சொல்வது? முதல் மழைக்காலம் எப்படியோ ஓடியது. இந்த வருஷம் தூசியும் பாசியும் சேர்ந்து மூக்கை அடைத்துக்கொண்டன. தட்டு நிரம்பி, டாங்கின் வெளித்தகடு வழியாக இறங்கி, தரையில் தேங்கியது.

சர்வீஸ் ஆள் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "டாங்க் ஓட்டை சார். போர் தண்ணிதானே? உப்பு தின்னுடுச்சு. வாரன்டியில வராது." அனோடு ராடைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். உப்புத் தண்ணீர் டாங்கைத் தின்பதற்கு முன்னால் அந்த மெக்னீசியக் கம்பியைத்தான் தின்னும், அதற்காகத்தான் அதை உள்ளே வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றுகிற ஸ்பானர் கொண்டுவரவில்லையாம்.

எங்கள் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றி யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருக்கிறது என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பான் கடனில் கட்டி 2013ல் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் குடிக்க. குளிக்க, துவைக்க எல்லாம் போர்தான். எங்கள் போர் தண்ணீர் எங்கே சொட்டினாலும் வெள்ளையாகப் படியும். ஷவரில், டைல்ஸில், குழாய் மூக்கில், எங்கேயும். ஆனால் இந்த மிஷினுக்குக் கீழே நாள்கணக்கில் ஈரம் நின்ற தரையில் பச்சையாகப் பாசி இருக்கிறதே தவிர, வெள்ளைக் கோடு ஒன்றுகூட இல்லை. "தம்பி, இது டாங்க் தண்ணி இல்ல" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆர்ஓ மிஷினுக்கு ஃபில்டர் மாற்ற வருபவரைக் கூப்பிட்டேன். பக்கத்துத் தெருதான். அவரிடம் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற கருவி. குழாய்த் தண்ணீரில் வைத்தால் 1,400க்கு மேல். தகட்டில் இறங்கிய சொட்டைச் சுத்தமான டம்ளரில் பிடித்து வைத்தால் 20ஐக்கூடத் தொடவில்லை. டாங்க் ஓட்டையானால் டாங்கில் இருக்கிற தண்ணீர்தானே வர வேண்டும்? இது காற்றிலிருந்து வந்த தண்ணீர். சர்வீஸ் ஆள் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது கம்பெனிதான் சார் சொல்லணும்" என்று விசிட்டிங் சார்ஜை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். புது டாங்குக்கு அவர் சொன்ன விலை மிஷின் விலையில் பாதிக்கு அருகில். மீட்டர் கையில் இல்லாத வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் எங்கள் பிளம்பர் வந்து ஓஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பை நல்ல சரிவில் இறக்கி, சுவர் வழியாகத் தோட்டத்துக்கு விட்டார். செலவு விசிட்டிங் சார்ஜைவிடக் குறைவு. தண்ணீர் இப்போது கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. அம்மாவுக்கு மாங்காய்க் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஆனாலும் மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை அந்த மூக்கைக் கம்பி விட்டுக் குத்தி, வாய் வைத்து ஊத வேண்டியிருக்கிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளை ஞாயிற்றுக்கிழமை ஊதிக்கொண்டிருக்கிறேன்.

மச்சினனுக்கு: ஓசூர் எங்களைவிட உயரம், மார்கழி விடியற்காலையில் காற்று நன்றாகக் குளிர்ந்திருக்கும், அந்த நேரத்தில் இது மெதுவாகத்தான் சூடேற்றும். நீயும் மதியமே ஓடவிடு. கட்டுகிறபோதே தரையில் ஒரு வடிகால் துளை விடச் சொல், டாங்கை அரையடி மேடை கட்டி அதன்மேல் ஏற்று. மாட்டுகிற அன்று நீயே பக்கத்தில் நின்று, தட்டில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி, அது வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடு. மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டால் இந்தச் சொட்டுத் தொல்லை இல்லை என்பாய். சோலார் டியூபிலும் இதே உப்புதான் படியும், மழை மூட்டத்தில் கரண்டும் வேண்டும். தெரிந்துதான் சொல்கிறேன், இருந்தாலும் சோலாரே போடு.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. சூடு குறையவில்லை, பில் இறங்கியிருக்கிறது, வீட்டில் யாருக்கும் புகார் இல்லை. தெரியும். இருந்தாலும் இரண்டுதான். அந்த விசிட்டிங் சார்ஜைத் திருப்பிக் கொடுத்தால் நான்காக மாற்றுகிறேன்.